இரண்டு பந்தியிலும் சாப்பிடாதவர்கள்

புதன்கிழமை காலை டாக்டர் மாஷிதா சுகாதார நிலையத்துக்கு வந்தபோது வராண்டாவில் கால் வைக்க இடமில்லை. கட்டில்கள் முந்தின நாளே நிரம்பிவிட்டன. பாயிலும் வெறுந்தரையிலும் ஆட்கள் சுருண்டு கிடந்தார்கள். ஜன்னல் கம்பிகளில் குளுக்கோஸ் பாட்டில்களைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே தொந்தரவு, வாந்தியும் வயிற்றுப்போக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வட்டாரத்தில் இரண்டு விசேஷங்கள் நடந்திருந்தன. மதியம் கருவேலங்குடியில் வீரமணி வீட்டுக் காதுகுத்து. சாயங்காலம் பெரியபட்டினத்தில் சதக்கத்துல்லா மகனின் கல்யாணத்துக்கான வலீமா விருந்து. வீரமணி விவசாயி, சதக்கத்துல்லா துபாயில் இருபது வருஷம் இருந்து திரும்பியவர். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். அதனால் இரண்டு விருந்துக்கும் போய்வந்தவர்கள் நிறையப் பேர்.

திங்கட்கிழமை இரவே ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். செவ்வாய்க்கிழமை வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றியது. வலீமாவுக்குச் சமைத்த பண்டாரி ஜெய்னுலாபுதீன் செத்த ஆட்டை வெட்டி பிரியாணி போட்டுவிட்டார், அதே கறியில் ஒரு பங்கைக் காதுகுத்து வீட்டுக்கும் தள்ளிவிட்டார் என்று. யார் முதலில் எழுதியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அன்று மாலையே விசாரணை என்று சொல்லி போலீஸ்காரர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வீரமணியின் மனைவி மாரிச்செல்விக்கு நாடி தளர்ந்து, ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் அனுப்பியிருந்தார்கள். கருவேலங்குடியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் ஊருக்குப் பிரியும் பெரியபட்டினம் விலக்கில் கோபத்தோடு வந்து நின்றுவிட்டுப் போனதாகவும் பேச்சு.

மாஷிதா இரண்டு நாளாகச் சரியாக உட்காரவில்லை. ஒரு நோயாளிக்கு ஊசி குத்தும்போதே அடுத்த நோயாளியைப் பார்த்தாள். டீ வாங்கி வைத்தால் ஆறிப்போனது. எதையோ பார்க்காமல் விட்டுவிட்டோம் என்கிற எண்ணம் உடம்பில் முள்ளாக உறுத்தியது.

காலை பத்து மணிவாக்கில் மாவட்டத் துணை இயக்குநர் போன் செய்தார். சுகாதார ஆய்வாளர் தங்கசாமி நோயாளிகளிடம் கேட்டு எடுத்த கணக்கு அவர் கைக்குப் போயிருந்தது. மொத்தம் அறுபத்தெட்டுப் பேர். வலீமாவில் சாப்பிட்டவர்கள் நாற்பத்து மூன்று. காதுகுத்தில் சாப்பிட்டவர்கள் முப்பத்தேழு. கூட்டினால் எண்பது வருகிறதே என்று கலெக்டர் ஆபீசில் கேட்டார்களாம். இரண்டிலும் சாப்பிட்டவர்களை இரண்டு தடவை எண்ணியிருக்கிறது, எண்பதில் அறுபத்தெட்டு போனால் பன்னிரண்டு, அந்தப் பன்னிரண்டு பேர் இரண்டு இடத்திலும் சாப்பிட்டவர்கள் என்று இவரே விளக்கிவிட்டாராம். இரண்டு இடத்திலும் கறி, ஆகவே கறிதான் காரணம் என்று எழுதி மதியத்துக்குள் அனுப்பச் சொன்னார்.

மாஷிதா சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அந்தப் பன்னிரண்டு அவளை விடவில்லை. அது யாரும் எண்ணிய எண் இல்லை, கழித்து வந்த எண். நோய் கண்ட ஒவ்வொருவரும் இரண்டில் ஒரு விருந்திலாவது சாப்பிட்டிருந்தால்தான் அது சரியாக வரும். அப்படித்தான் என்று யார் கேட்டுப் பார்த்தது?

மருந்து கொடுக்கும் அறையில் மேசையைக் காலி செய்தாள். தாள்கள் பறக்காமலிருக்க ஃபேனை நிறுத்தினாள். தங்கசாமியின் படிவங்களை எடுத்து, வலீமாவில் மட்டும் சாப்பிட்டவர்களை ஒரு பக்கமும் காதுகுத்தில் மட்டும் சாப்பிட்டவர்களை இன்னொரு பக்கமும் இரண்டிலும் சாப்பிட்டவர்களை நடுவிலும் வைத்தாள். தங்கசாமி நெற்றி வியர்வையைத் துடைத்தபடி பக்கத்தில் நின்றார். இருபது வருஷமாகக் கடற்கரை ஊர்களில் கொசுவுக்கும் காலராவுக்கும் அலைந்தவர்.

நடுவில் இருந்த அடுக்கை எண்ணினாள். பதினேழு. திரும்ப எண்ணினாள். பதினேழுதான். தங்கசாமியை எண்ணச் சொன்னாள். அவருக்கும் அதே பதினேழு வந்தது.

எண்பதில் பதினேழு போனால் அறுபத்து மூன்று. நோயாளிகள் அறுபத்தெட்டு. ஐந்து பேர் எந்த விருந்துக்கும் போகவில்லை.

அந்த ஐந்து படிவங்கள் மேசையின் ஓரத்தில் தனியாகத்தான் கிடந்தன. விருந்து பற்றிய கேள்விகள் இரண்டுக்கும் இல்லை என்று பதில் எழுதியிருந்தது. அந்த இல்லையை யாரும் கூட்டலில் சேர்க்கவில்லை.

கோடைக்காலத்தில் ஐந்து பேருக்கு வயிற்றால் போவது வழக்கம்தான், அவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்று தங்கசாமி சொன்னார். இருக்கலாம் என்றாள் மாஷிதா. ஆனாலும் வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள். அவர்களைப் பார்க்காமல் கறி என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.

ஐவரில் மூவர் அங்கேயே வராண்டாவில் கிடந்தார்கள். மினி பஸ் கண்டக்டர் ஒருவர், கருவாடு விற்கும் அம்மா ஒருத்தி, கரண்ட் ஆபீஸ் லைன்மேன் ஒருவர். மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் ஒருவர் பழைய சோறு என்றார், ஒருத்தி இட்லி என்றாள், ஒருவர் புரோட்டா என்றார். எதுவும் சேரவில்லை. என்ன குடித்தீர்கள் என்று கேட்டபோது மூவரும் ஒரே இடத்தைச் சொன்னார்கள். விலக்கு ரோட்டில் ராமலெட்சுமியின் சர்பத் வண்டி. நான்காவது படிவம் ராமலெட்சுமியின் தங்கை. ஐந்தாவது, வண்டிக்குப் பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவர்.

ராமலெட்சுமி வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டரும் ஆய்வாளரும் சேர்ந்து வந்து இறங்கியதைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். தண்ணீர் கேன் தண்ணீர்தான் என்றாள். தங்கசாமி குளோரின் இருக்கிறதா என்று காட்டும் சொட்டுமருந்தை விட்டுப் பார்த்தார், தண்ணீரில் குறை தெரியவில்லை. அதே கேனிலிருந்துதான் அவளும் பிள்ளைகளும் குடிக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. சர்பத் குடித்தவர்களுக்குத்தான் வந்திருக்கிறது. அப்படியென்றால் நன்னாரிப் பாகு, எலுமிச்சை, ஐஸ். இந்த மூன்றில் ஒன்று.

மாஷிதா அங்கேயே நின்று சதக்கத்துல்லாவுக்குப் போன் செய்தாள். வலீமாவில் சாப்பிட்டும் நோய் வராதவர்கள் யார் யார் என்று கேட்டாள். நோயாளிகளை எல்லாரும் எண்ணியாயிற்று, நன்றாக இருப்பவர்களை யாரும் எண்ணவில்லை. அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். அவருடைய அண்ணன், மச்சினன், பக்கத்து வீட்டு ஹாஜியார், அவர் சம்சாரம். பெரும்பாலும் சர்க்கரைக்காரர்கள். பிரியாணியை வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள். அங்கே கொடுத்த ரோஸ்மில்க்கைத் தொடாதவர்கள்.

காதுகுத்து வீட்டில் என்ன குடிக்கக் கொடுத்தார்கள் என்று தங்கசாமி வீரமணியிடம் போனில் விசாரித்தார். நன்னாரி சர்பத், ஐஸ் போட்டு.

ரோஸ்மில்க்குக்கும் சர்பத்துக்கும் பொதுவாக இருந்தது ஐஸ் மட்டும்தான்.

"ஒனக்கு ஐஸ் யாரு போடுறது?" என்று தங்கசாமி ராமலெட்சுமியிடம் கேட்டார்.

ராமலெட்சுமி டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். பயம் விலகிய சிரிப்பு, தெரிந்த ஆள் பெயரைச் சொல்லப்போகும் நிம்மதி.

"டாக்டரம்மாவோட அண்ணந்தான். நவ்சாத் தம்பி. விசேஷ வீட்டுக்கெல்லாம் இப்ப அவுகதான இறக்குறாக. போற வழியில எனக்கும் அரைப் பார் ஐஸ் போட்டுட்டுப் போவாக."

நவ்ஷாத் கத்தாரில் வேலை போய்த் திரும்பி வந்து குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வாங்கியிருந்தான். மீன் லோடு அடித்துக்கொண்டிருந்தான். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் விசைப்படகுகள் கரையேறிவிட்டன, மீன் லோடும் நின்றுபோனது. விசேஷ வீட்டு லோடு அடிக்கிறேன் என்று சொல்லியிருந்தான். நாற்காலி, பாத்திரம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதில்லை.

பெட்டியிலிருந்த ஐஸைத் தரையில் கொட்டச் சொன்னாள். கொஞ்சத்தைத் தங்கசாமி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். பிறகு அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வண்டி யாருடையது என்று தான் இன்னும் எழுதவில்லை என்று மெதுவாகச் சொன்னார். மாஷிதா வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். துணை இயக்குநர் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க வண்டியை விரட்டினாள். காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. அண்ணனைப் போனில் கூப்பிடலாம் என்று ஒரு தடவை தோன்றியது. வேண்டாம், முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

நவ்ஷாத் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். மாஷிதா வாசலிலிருந்தே அண்ணனைக் கேட்டாள்.

"காக்கா, ஞாயித்துக்கெழம ஐஸ் எங்கேருந்து எடுத்தே?"

அவன் கை சோற்றில் நின்றது. எதற்குக் கேட்கிறாள் என்று கேட்டான். அவள் மறுபடியும் அதையே கேட்டாள். முகூர்த்த நாள் என்பதால் டவுனில் ஒரு பார்கூட மிச்சமில்லை, மீன் இறங்குதுறைக்குப் பின்னால் இருக்கிற ஐஸ் கம்பெனியில் எடுத்தேன் என்றான்.

"அது மீனுக்குப் போடுற ஐஸ்தானே. படகே ஓடாத நேரத்துல அவன் தொட்டியில எத்தன நாள் தண்ணி கெடந்துச்சோ."

"ஐஸ் ஐஸுதானே மாஷிதா. எல்லாரும் எடுக்குறதுதான்." சோற்றைப் பிசைந்தபடி, "செவத்துல எழுதித்தான் போட்டிருக்கான், மீனுக்கு மட்டும்னு. நான் பாக்காம இல்ல" என்றான்.

உம்மா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். பண்டாரியைப் பிடித்துக்கொண்டு போனதைக் கேட்டு அவளும் செவ்வாய்க்கிழமை முழுக்கப் பண்டாரியைத்தான் திட்டியிருந்தாள். இப்போது மகளிடம், ஐஸ் என்று சொன்னால் போதாதா, கொண்டுவந்தவன் பெயரையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டாள். வாப்பா மவுத்தான பிறகு இந்த வீட்டில் ஒருவரும் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்ததில்லை என்றாள். மாஷிதா நின்றபடியே இருந்தாள். உட்கார்ந்தால் சம்மதம் சொல்லிவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

நவ்ஷாத் தட்டை ஒதுக்கினான்.

"அது பெறகு இருக்கட்டும் உம்மா. மத்தியானம் உப்பூர்ப் பக்கம் ஒரு மண்டபத்துக்கு எட்டுப் பார் இறக்கிட்டு வந்திருக்கேன். அதே கம்பெனி ஐஸ். சாயங்காலம் வரவேற்பு."

ஏற்பாட்டுக்காரர் எண்ணுக்குப் போன் போட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. கல்யாண வீட்டில் யார் போன் எடுப்பார்கள். இருவரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடினார்கள்.

குட்டியானை ராமநாதபுரத்தைத் தாண்டும்போது மாஷிதா பையைத் திறந்து துணை இயக்குநரைக் கூப்பிட்டாள். ஐந்து பேர் கதையைச் சொன்னாள், ஐஸைச் சொன்னாள், கம்பெனி இருக்கும் இடத்தைச் சொன்னாள். கொண்டுபோனது என் அண்ணன் நவ்ஷாத், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறான் என்றும் சொன்னாள். அவர் மண்டபத்தின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு, ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து ஆட்களை அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டார். நவ்ஷாத் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தேவிபட்டினம் கடைத்தெருவில் ஒரு லாரி வழிமறித்து நின்றபோது ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. இருவரும் மண்டபத்தின் எண்ணை மாறி மாறி அடித்தார்கள். யாரும் எடுக்கவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. வரவேற்பு மேசையில் பெரிய டிரம்மில் ரோஸ்மில்க், அதில் உடைத்துப் போட்ட ஐஸ் மிதந்தது. இரண்டு பெண்கள் டம்ளரில் ஊற்றி நீட்டிக்கொண்டிருந்தார்கள். மாஷிதா வாயைத் திறப்பதற்குள் நவ்ஷாத் டிரம்மை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்துவிட்டான். சிவப்புத் தண்ணீர் கோலத்தின் மேல் ஓடியது. பட்டுச்சேலைக்காரிகள் விலகினார்கள், மேளம் நின்றது.

"இந்த ஐஸ நாந்தான் கொண்டாந்தேன். கெட்ட ஐஸ். யாரும் குடிக்காதீக."

மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து ஓர் அறை விட்டார். நவ்ஷாத் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. சமையல்கட்டுக்குள் போய் மிச்சப் பார்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வெளியே வாய்க்காலில் போட்டான். இரண்டாவது அறை விழுவதற்குள் ஆர்.எஸ்.மங்கலம் ஜீப் வந்துவிட்டது. மாஷிதா ஏற்கெனவே குடித்தவர்களைத் தேடித் தேடிப் பெயரும் போன் எண்ணும் வாங்கினாள். உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகளைக் கையில் திணித்தாள். பலர் முறைத்தார்கள். கல்யாணப்பெண் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் ஐஸ் கம்பெனிக்கு சீல் வைத்தார்கள். தொட்டித் தண்ணீரிலும் ராமலெட்சுமியின் வண்டி ஐஸிலும் ஒரே கிருமி இருந்ததாகச் சில நாள் கழித்து முடிவு வந்தது. நவ்ஷாத் மேலும் கம்பெனிக்காரர் மேலும் வழக்குப் பதிவானது. நவ்ஷாத் ஜாமீனில் வந்தான். வந்த அன்றே உம்மா மகளிடம் பேசுவதை நிறுத்தினாள். மாஷிதாவுக்குச் சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். நவ்ஷாத் அவளிடம் எப்போதும்போலப் பேசினான். அதுதான் அவளுக்கு இன்னும் சிரமமாக இருந்தது.

பண்டாரி ஜெய்னுலாபுதீனை விட்டுவிட்டார்கள். மாஷிதா அவர் வீட்டுக்குப் போனாள். அவர் நன்றி சொல்லவில்லை. கோபமும் காட்டவில்லை. பிடித்தபோது ஊரே பார்த்தது, விட்டபோது யாரும் பார்க்கவில்லை என்றார். அடுத்த மாதத்துக்குப் பேசியிருந்த மூன்று நிக்காஹ் வீட்டிலும் வேறு பண்டாரியை வைத்துவிட்டார்களாம்.

உப்பூர் மண்டபத்தில் குடித்தவர்களில் ஒன்பது பேருக்கு நோய் வந்தது. கடுமையாக இல்லை, நாலைந்து நாளில் எழுந்துவிட்டார்கள். மாரிச்செல்வியும் பிழைத்துக்கொண்டாள். பெரியாஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்த மறுநாள் வீரமணி மாத்திரை வாங்க வந்தார். கூட்டம் குறையும்வரை சுவரோரம் நின்றார். பிறகு உள்ளே வந்தார். ராமலெட்சுமி ஊர் முழுக்க நடந்ததைச் சொல்லியிருந்தாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கலாமா. சர்பத் வண்டியிலேயே ஒங்களுக்கு வெவரம் தெரிஞ்சுபோச்சு. ஒங்க அண்ணன்ட்ட போன்லயே கேட்டிருக்கலாமே. எதுக்கு வீடுவரைக்கும் போனீக?"

மாஷிதா சீட்டில் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். எத்தனையோ பதில்கள் வந்தன. உப்பூர் விஷயம் அப்போது எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். வீட்டுக்குப் போனதால்தான் அது தெரிந்தது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான்.

"அவன் என் அண்ணன். மத்தவுக கேக்குறதுக்கு முன்னால நான் கேக்கணும்னு நெனச்சேன்."

"அதுக்குள்ள எத்தன பேரு குடிச்சாகளோ" என்றார் வீரமணி. குத்திக்காட்டும் குரல் இல்லை. கணக்குக் கேட்கிற குரல்தான்.

தெரியாது என்றாள் மாஷிதா. அவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அவள் அந்த ஒன்பது பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரித்தாள். பிறகு, மண்டபத்துக்கு வந்ததும் குடித்தீர்களா, டிரம்மைச் சாய்ப்பதற்குக் கொஞ்சம் முன்னால் குடித்தீர்களா என்று கேட்டாள். ஐந்து பேர் வந்ததும் குடித்தவர்கள். ஒருவருக்கு ஞாபகமில்லை. மூன்று பேர் கடைசியில் குடித்தவர்கள். அதில் ஒரு பெண், கையில் டம்ளரோடு இருந்தபோதுதான் உங்கள் வண்டி வந்து நின்றது என்றாள்.

மாஷிதா இறுதி அறிக்கையைத் திறந்தாள். ஐஸ் பற்றித் தகவல் கிடைத்த நேரத்தை எழுதினாள். அதற்குக் கீழே, மேலதிகாரிக்குத் தெரிவித்த நேரத்தையும் எழுதி அனுப்பினாள். துணை இயக்குநர் படித்துவிட்டுப் போன் செய்தார். இரண்டாவது வரியை யாரும் கேட்கவில்லையே, எடுத்துவிடலாமே என்றார். இருக்கட்டும் சார் என்றாள். வராண்டாவில் யாரோ ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். அவள் போனை வைத்துவிட்டு எழுந்து போனாள்.